எனெலெசியின் ஐந்நூறு கல்

பெண் கட்டி வந்தவர்களுக்கு எங்கள் ஊர்க் கூட்டத்தில் பப்பாளி மரத்தடிதான் இடம். கூட்டம் நடப்பது பெரிய மாமரத்தின் கீழே. நிழல் அங்கே, பெஞ்சு அங்கே, பேச்சும் அங்கே. சற்றுத் தள்ளி மாப்பிள்ளைகள் நாங்கள் வெயிலில் குந்தியிருப்போம். காது கொடுத்துக் கேட்கலாம், தலையாட்டலாம், யாருக்காவது தாகமெடுத்தால் ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டு வரலாம். வாயைத் திறக்க மட்டும் கூடாது. இந்த ஊருக்கு வந்து எனக்குப் பல்லே ஆட ஆரம்பித்துவிட்டது, இன்னும் ஃபைனெஸ் வீட்டுக்காரன் என்றுதான் கூப்பிடுகிறார்கள். ஜிம்சன் என்று எனக்கொரு பேர் இருப்பது என் சைக்கிளுக்கும் பிஸ்விக்குக்கும் மட்டும்தான் தெரியும்.

அன்றைக்கு பிஸ்விக் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தான். அவனும் என்னைப் போல வீட்டோடு மாப்பிள்ளை, எனக்குப் பிறகு வந்தவன். மாமரத்தடியில் மூன்று பிள்ளைகள் நின்றுகொண்டிருந்தார்கள். இரண்டு பையன்கள். மூன்றாவது அவனுடைய ஒரே மகள் எனெலெசி. எட்டாம் வகுப்பு, மே மாதம் அரசாங்கப் பரீட்சை எழுத வேண்டியவள். அவளை விசாரிக்க பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர் பள்ளிக்கூடக் கமிட்டி சேர்மன் கெஸ்டன். அவர் எனெலெசியின் அம்மா லிஸினெட்டிக்குக் கூடப் பிறந்த அண்ணன். அதாவது அவளுடைய சொந்தத் தாய்மாமன். நாங்கள் சேவா இனத்துச் சனம், எங்களிடம் பிள்ளை தாய்க்கும் தாய்மாமனுக்கும்தான் சொந்தம். அப்பன் பப்பாளி மரத்தடியில்.

பிள்ளைகள் என்ன செய்தார்கள் என்றால், புதுப் பள்ளிக்கூடக் கட்டடத்தை அடித்து நொறுக்கினார்கள். அந்தக் கட்டடத்தின் கூத்தையும் நான் சொல்லித்தான் ஆகவேண்டும். போன வெயில் காலம் முழுக்க ஊரே சேர்ந்து மண் மிதித்து, அச்சில் அடித்து, காயவைத்துச் சூளை போட்டுக் கட்டினோம். தகரமும் கண்ணாடிச் சன்னலும் மட்டும் மாவட்ட ஆபீசிலிருந்து வந்தன. சுவர் எடுத்ததும் பூசியதும் பிஸ்விக். கையில் மண்ணைத் தொட்டால் வேறு ஆளாகிவிடுவான். கட்டி முடித்தோம், வெள்ளையடித்தோம், உடனே பூட்டிவிட்டார்கள். பெரிய மனுஷர் ஒருத்தர் வந்து ரிப்பன் வெட்ட வேண்டுமாம். அக்டோபரில் வருகிறேன் என்றவர் நவம்பர் என்றார், பிறகு கிறிஸ்துமஸ் கழியட்டும் என்றார். ரிப்பன் சாயம் போனது. எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் வேலமரத்தடியில் உட்கார்ந்து படித்தார்கள். மழை வந்தால் நோட்டைச் சட்டைக்குள் சொருகிக்கொண்டு, பூட்டின கட்டடத்தின் இறவாரத்தில் பல்லி மாதிரி ஒட்டி நிற்பார்கள்.

அந்த வாரம் ஆலங்கட்டி மழை பெய்தது. மூன்று பேரும் சன்னலை உடைத்தார்கள், கதவை உதைத்துப் பெயர்த்தார்கள், வகுப்பே உள்ளே போனது. அதோடு நிறுத்தியிருந்தால் நான்கூட முதுகில் தட்டிக் கொடுத்திருப்பேன். நிறுத்தவில்லை. மூன்றும் வெறி பிடித்த மாதிரி பெஞ்சுகளை முறித்து, வெள்ளைச் சுவரெல்லாம் சேற்றை அப்பி, கரியால் 'ரிப்பனை அவிச்சுத் தின்னுங்க சார்' என்று எழுதி வைத்தன.

"முதல் கல்லு எறிஞ்சது யாரு?" என்று கேட்டார் ஹெட்மாஸ்டர்.

பையன்கள் கால் கட்டைவிரலால் மண்ணைக் கிண்டினார்கள்.

"நான்தான் சார்," என்றாள் எனெலெசி.

"ஏன்?"

"நனைஞ்சோம் சார்."

"நனைஞ்சா உள்ள போய் ஒதுங்கியிருக்கணும். பெஞ்சை எதுக்கு உடைச்ச? சுவத்துல எதுக்குச் சேறு?"

"உள்ள போனா அவ்வளவு காஞ்சு கிடந்துச்சு சார். அவ்வளவு நல்லா இருந்துச்சு. அதைப் பார்த்த பொறவுதான் கோவம் வந்துச்சு."

ஹெட்மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிஸ்விக் என் காதருகே முணுமுணுத்தான். "அந்தச் சுவரை நான் மூணு பூச்சு பூசினேன் அண்ணே."

சேர்மன் தீர்ப்பைச் சொன்னார். மூன்று பேருக்கும் ஒரே தண்டனை. ஆளுக்கு ஐந்நூறு செங்கல் பள்ளிக்கூட முற்றத்தில் அடுக்க வேண்டும். அதுவரை பள்ளிக்கூடத்துக்குள் காலடி வைக்கக் கூடாது. உடைந்தது கண்ணாடியும் பெஞ்சும், கேட்டது செங்கல். யாரும் சிரிக்கவில்லை. இந்த ஊரில் ஆடு மேய்ந்தாலும் செங்கல்தான், அடிதடி என்றாலும் செங்கல்தான். அதிலும் பிள்ளை பேரில் தண்டனை விழுந்தால் கல் வருவது மாமன் சூளையிலிருந்து. போன வெயிலில் சுட்ட கல் எல்லா மாமன் வீட்டுப் பின்னாலும் புல் மூடிக் கிடக்கும். மாட்டு வண்டியில் ஏற்றி இறக்கினால் தீர்ந்தது. மாமனும் வீட்டுக்குப் போய் மருமகனை நாலு வாங்கு வாங்குவான். அவ்வளவுதான், முடிந்திருக்க வேண்டும்.

பையன்களில் ஒருத்தனுடைய மாமன் லூக்கா சும்மா இருந்தானா? அவனுக்கு நாக்கில் எப்போதும் அரிப்பு. "எங்க பயலுக கல்லு நாளைக்கே வந்துரும் சேர்மன். உங்க மருமக கல்லு எங்கிருந்து வருமோ? பள்ளிக்கூடச் சூளையில மிச்சக் கல்லு கேட்பாரில்லாமக் கிடக்கு. பள்ளிக்கூடத்துச் சாவியும் உங்ககிட்டதான் இருக்கு" என்றான்.

எல்லாரும் சிரித்தார்கள். சேர்மன் முகம் கறுத்தது. எழுந்து நின்றார்.

"என் மருமக தன் கையால அறுத்த கல்லைத்தான் கொண்டு வரணும். என் சூளைக் கல்லு ஒண்ணுகூட ஆகாது. வேற யாரு குடுத்த கல்லும் ஆகாது. கேட்டுக்கிட்டியா லூக்கா?"

பெண்கள் குலவை போட்டார்கள். நியாயஸ்தன் என்று கிழவர்கள் கைதட்டினார்கள். என் வீட்டுக்காரி ஃபைனெஸும்தான் குலவை போட்டாள், அதற்கு அன்று ராத்திரி என்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள். பிஸ்விக்கின் கை என் முழங்காலை இறுக்கிப் பிடித்திருந்தது. சனவரி மாதம். வடக்கே மலைமேல் மேகம் கருகருவென்று ஏறி நின்றது. மழைக் காலத்தில் கல் அறுப்பவன் இந்த உலகத்தில் எவனாவது உண்டா?

சேர்மன் கெட்டவர் என்று நான் சொல்ல மாட்டேன். எனெலெசிக்கு முதல் சீருடை தைத்துக் கொடுத்தவரே அவர்தான். ஊர் தன்னைப் பற்றி ஒரு சொல் சொல்லிவிடக் கூடாது என்பதில் அவருக்கு அப்படியொரு பயம்.

வீட்டுக்கு நடக்கும்போது பிஸ்விக் மகளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை. "பிள்ளைகிட்ட ஒரு வார்த்தை பேசேண்டா" என்றேன்.

"என்ன பேச? தண்டனை வேணாம்னா சொல்லச் சொல்றீங்க? அவ செஞ்சது தப்பு. அறுக்கட்டும். கையில கொப்புளம் வரட்டும். சுவரு எப்படி நிக்குதுன்னு தெரியட்டும்."

மறுநாள் காலையில் அவனே மண்வெட்டியை எடுத்துக்கொண்டு அவளையும் கூப்பிட்டுக்கொண்டு போனான். லிஸினெட்டி தன் குடும்பத்துப் புற்றில் மண் எடுக்க அண்ணனிடம் போய் அனுமதி வாங்கி வந்தாள். கறையான் புற்று மண்தான் கல்லுக்கு உயிர். அந்தப் புற்றில்கூட மாப்பிள்ளைக்குப் பாத்தியதை கிடையாது. மண்ணைக் கிளறித் தண்ணீர் விட்டு அப்பனும் மகளும் மிதித்தார்கள். அவள் அச்சில் மண்ணை அமுக்காமல் தட்டியதைப் பார்த்து அவனுக்கு வாய் திறந்துவிட்டது.

"மூலையில அமுக்கு. மூலை சரியில்லாத கல்லு எதுக்கு ஆகும்?"

"அமுக்கறேனே."

"களி உருட்டற மாதிரி அமுக்கறே. பள்ளிக்கூடத்துச் சன்னலை உடைக்கறப்ப மட்டும் கை எம்புட்டு வேகம்!"

அவள் சிரித்துவிட்டாள். அவனும் வேறு பக்கம் திரும்பிச் சிரித்ததை நான் பார்த்தேன்.

புகையிலை நாற்றுக்குப் போட்ட பிளாஸ்டிக்கை எல்லாம் சுருட்டிக் கொண்டுவந்து பச்சைக் கல்லின்மேல் போர்த்தினார்கள், அதற்குமேல் புல். மதியம் மழை வந்தது. மேலே மூடினால் கீழே ஓடுகிற தண்ணீரை யார் மூடுவது? சாயங்காலம் பிளாஸ்டிக்கைத் தூக்கிப் பார்த்தால் அடி வரிசைக் கல் எல்லாம் கரைந்து, மேல் வரிசை சரிந்து, மொத்தமும் சேறாகக் கிடந்தது. மறுபடி அறுத்தார்கள். மேட்டில் அடுக்கினார்கள். காற்று புல்லைத் தூக்கிக்கொண்டு போனது. பக்கத்தில் புகையிலை களை மண்டிக் கிடந்தது, சோளத்துக்கு உரம் போடவில்லை. வீட்டில் குதிர் காலியாகிற மாதம் வேறு. ஒரு வேளைக் களி, பூசணி இலைக் கீரை, மீதி நேரம் மாம்பழம். வெறும் வயிற்றில் மாம்பழம் தின்றுவிட்டு மண் மிதித்தால் வயிறு என்ன பாடுபடும் என்று கேட்காதீர்கள்.

இதற்கிடையில் லூக்காவின் மாட்டு வண்டி எங்களைத் தாண்டிப் போனது. வண்டி நிறைய சிவப்புச் சிவப்பாகச் சுட்ட கல். மேலே அவன் மருமகன் காலாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். இன்னொரு பையனின் கல் அதற்கு முந்தின நாளே போய்விட்டது. சேற்றில் நின்றுகொண்டிருந்த எனெலெசியைப் பார்த்ததும் பையன் காலாட்டுவதை நிறுத்திவிட்டுக் குனிந்துகொண்டான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை.

"நீ இன்னும் முடிக்கலையா?" என்று கேட்டான்.

"மழை விடலை," என்றாள் அவள்.

சனவரி கடைசிக்குள் பரீட்சைக்குப் பேர் அனுப்ப வேண்டும், வகுப்புக்கு வருகிற பிள்ளைகள் பேரைத்தான் அனுப்புவேன் என்று ஹெட்மாஸ்டர் சொல்லி அனுப்பியிருந்தார். எங்கள் ஊரில் ஒரு வருஷம் வீட்டில் உட்கார்ந்த பெண் மறு வருஷம் பள்ளிக்கூடம் போனதில்லை. அடுத்த மழைக்குள் முதுகில் துணி கட்டி ஒரு குழந்தையைச் சுமந்துகொண்டு கிணற்றடியில் நிற்பாள். இவளோடு ஏழாம் வகுப்பு படித்த இரண்டு பேர் இப்போதே அப்படித்தான் நிற்கிறார்கள்.

"சேர்மன்கிட்டப் போய்க் கேக்கப் போறேன். நீங்களும் வாங்க அண்ணே" என்றான் பிஸ்விக்.

போனோம். சேர்மன் வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து வறுத்த நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்தார். ஆளுக்கொரு கை அள்ளிக் கொடுத்தார். அவர் முதுகுக்குப் பின்னால் சூளை, புல் கூரை போட்டுக் காய்ந்த கல் கழுத்து உயரத்துக்கு இருந்தது. அதைப் பார்க்காமல் பேசுவது சிரமமாகத்தான் இருந்தது.

"மச்சான், மூணு பேருக்கும் ஒரே தண்டனைன்னு சொன்னீங்க" என்று ஆரம்பித்தான் பிஸ்விக்.

"ஒரே தண்டனைதானே? ஆளுக்கு ஐந்நூறு."

"அவனுகளுக்கு வண்டியில வந்துச்சு. இவளுக்கு மழையில கரையுது. நாங்க அறுக்காம இல்ல மச்சான். மூணு தடவை அறுத்தாச்சு. காயவே மாட்டேங்குது. காயாத கல்லைச் சுட முடியுமா?"

"எனக்குத் தெரியாதா? என் மருமக சேத்துல நிக்கறது எனக்கு மட்டும் சந்தோசமா? ஊருக்கு முன்னால ஒரு வார்த்தை சொல்லிட்டேன். இப்ப என் சூளையில கை வச்சா அந்த லூக்கா சந்தைக்குச் சந்தை பாட்டுக் கட்டிப் பாடுவான்."

"பாடட்டுமே."

"உங்களுக்கென்ன, பாடட்டும்பீங்க. நாளைக்கு இன்னொருத்தன் பிள்ளை கதவை உடைப்பான். நான் தண்டனை சொன்னா என் மூஞ்சியிலேயே துப்புவான். அடுத்த வருசம் படிக்கட்டும் மச்சான். பள்ளிக்கூடம் எங்கயும் ஓடிப் போகாது."

"அடுத்த வருசம் படிச்ச பொண்ணு இந்த ஊர்ல யாரு? ஒருத்தி பேரு சொல்லுங்க."

சேர்மன் கடலையை உரித்தார். தோலை ஊதினார். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், "என் வீட்டுப் பின்னால கொஞ்சம் கல்லு கிடக்கு சேர்மன், வேணும்னா..." என்று இழுத்தேன்.

"அவ அறுத்த கல்லா அது?"

"இல்ல."

"அப்பறம்?"

பிஸ்விக் எழுந்தான். அவன் குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. "என் பிள்ளை மச்சான் அவ. பெத்தவன்னு நான் ஒருத்தன் இருக்கேன்."

சேர்மனும் எழுந்தார். கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. மெதுவாகச் சொன்னார். "பிள்ளை யாரு வீட்டுதுன்னு மறந்துட்டுப் பேசறீங்க. உங்க அக்கா தங்கச்சி பிள்ளைங்க உங்க ஊர்ல இருக்கு. அங்க போய் நீங்க தீர்ப்புச் சொல்லுங்க, நான் வந்து குறுக்க பேசறனா பாருங்க."

திரும்பி வரும் வழியில் பிஸ்விக் ஓடைக்கரையில் உட்கார்ந்துவிட்டான். நானும் சைக்கிளைச் சாய்த்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். பிறந்த ஊரில் அவனும் ஒரு தாய்மாமன், கை அசைத்தால் நாலு பேர் எழுந்து நிற்பார்கள். இங்கே வெறும் அப்பன்.

அவனே ஆரம்பித்தான். "அவ கையால அறுத்த கல்லு, காஞ்ச கல்லு, சுட்ட கல்லு, எல்லாம் இருக்கு அண்ணே."

"எங்கடா?"

"என் வீட்டுப் பின்னறையில."

எனக்குப் புரிந்துவிட்டது. வீட்டை ஒட்டிப் பின்னால் ஒரு சின்ன அறை, எனெலெசி படுக்கவும் படிக்கவும் கட்டினது. அப்போது அவளுக்குப் பதினோரு வயது. ஒரு வெயில் காலம் முழுக்க அப்பனோடு சேர்ந்து அச்சடித்தாள். ஊரே பார்த்தது. சேர்மனும் வந்து நின்று, மருமகள் மேஸ்திரி ஆகிவிட்டாள் என்று கேலி செய்துவிட்டுப் போனார்.

"வாயைக் கழுவுடா," என்றேன். "சுவத்துல கை வச்சா என்ன ஆகும்னு தெரியுமில்ல?"

தெரியாமல் இருக்குமா? மாப்பிள்ளை மனைவி ஊரில் கட்டின வீட்டில் ஒரு கல்லைத் தன் கையால் பெயர்த்தால், கட்டின பந்தத்தைப் பெயர்த்துவிட்டான் என்று அர்த்தம். வேறு சொல்லோ சாட்சியோ தேவையில்லை, மூட்டையைக் கட்டிக்கொண்டு பிறந்த ஊருக்குப் போக வேண்டியதுதான். அதற்குப் பயந்துதான் எங்கள் ஊரில் மாப்பிள்ளைகள் விரிசலைக்கூட மாமியார் வீட்டில் கேட்டுவிட்டுப் பூசுவார்கள்.

"கல்யாணத்துக்குக் கட்டின வீடு முன்னால இருக்கு. இது பின்னாடி நானா இழுத்துக் கட்டினது. இது அந்தக் கணக்குல வராது."

"வராதுன்னு யாரு சொன்னா?"

"நான்தான் சொல்றேன்," என்றான். சொல்லிவிட்டு என்னைப் பார்க்காமல் ஓடையைப் பார்த்தான்.

மறுநாள் விடிந்ததும் அவன் பின்னறைக் கூரைப் புல்லை இறக்கத் தொடங்கினான். நான் போய்ச் சேர்ந்தபோது லிஸினெட்டி கைகளைப் பிசைந்துகொண்டு நின்றிருந்தாள். எனெலெசி சுவரோடு முதுகை ஒட்டிக்கொண்டு நகர மாட்டேன் என்று நின்றாள்.

"ஏங்க, வேணாங்க. அண்ணன் கால்ல நான் போய் விழறேன்" என்றாள் லிஸினெட்டி.

"நீ விழுந்தாச்சு. மூணு தடவை விழுந்தாச்சு. எனக்குத் தெரியாதுன்னு நினைச்சியா?"

"இது கணக்குல வராதுன்னு அண்ணன் ஒத்துக்க மாட்டாரு."

"மாட்டாருன்னு எனக்கும் தெரியும்."

அவள் வாயைத் துணியால் பொத்திக்கொண்டாள். எனெலெசி கத்தினாள். "எனக்குப் பள்ளிக்கூடம் வேணாம்ப்பா. நான் வீட்டுலயே இருக்கேன். சன்னலை உடைச்சது நானு. நீ எதுக்குப் போகணும்?"

"யாரு போறா? கல்லுதான் போகுது. நகரு."

"நகர மாட்டேன்."

அவன் அவள் தோளைப் பிடித்து மெதுவாகத் தள்ளினான். தள்ளின கை அவள் தோளிலேயே கொஞ்ச நேரம் நின்றது. பிறகு கடப்பாரையை மேல் வரிசையில் செருகினான். மண் சாந்துச் சுவர், பிடிவாதம் பிடிக்காமல் கழன்று வந்தது. ஒவ்வொரு கல்லையும் ஒட்டியிருந்த சாந்தைச் சுரண்டி வரிசையாக வைத்தான். அந்த நேரத்திலும் வேலை சுத்தம்.

லிஸினெட்டி வீட்டுக்குள் போனாள். உள்ளே அழுகிறாள் என்று நினைத்தேன். ஒரு துணியைச் சுருட்டிக்கொண்டே வெளியே வந்தாள். சும்மாடு கட்டித் தலையில் வைத்தாள், ஒரு பலகையை வைத்து அதன்மேல் கல்லை அடுக்கச் சொல்லி என்னிடம் கையைக் காட்டினாள். அடுக்கினேன். எழுந்து பள்ளிக்கூடத்தைப் பார்த்து நடந்தாள். தன் வீட்டை உடைத்த கல்லைத் தானே சுமந்துகொண்டு போகிற பெண்ணை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். எனெலெசி கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் பின்னாலேயே தூக்கினாள். ஃபைனெஸும் வந்தாள். குலவை போட்டவள் நாலு நடை நடந்தாள். நான் சைக்கிள் கேரியரில் கட்டி இழுத்தேன். வழியெல்லாம் சனம் நின்று பார்த்தது. லூக்கா தன் வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தான். அன்றைக்கு அவன் நாக்கு எங்கே போனதோ தெரியவில்லை.

மதியத்துக்கு மேல் முற்றத்தில் கல் அடுக்கு எழுந்து நின்றது. சேர்மனுக்கு ஆள் போய் அவரும் வந்தார். கமிட்டிக்காரர்கள், ஹெட்மாஸ்டர், பாதி ஊர் சுற்றி நின்றது. சேர்மன் அடுக்கைச் சுற்றி வந்தார், ஒரு கல்லைக் கையில் எடுத்தார்.

"இது யாரு அறுத்தது?"

"நான் மாமா. அப்பாவும் நானும்," என்றாள் எனெலெசி.

"எப்ப?"

"பின்னறை கட்டினப்ப. நீங்க வந்து பார்த்தீங்களே மாமா."

அவர் கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இல்லை என்று சொல்ல மாட்டாரா, அதைச் சாக்கு வைத்து பிஸ்விக்கோடு நான் ஒரு சண்டை போட்டு இந்தக் கல்லையெல்லாம் திருப்பித் தூக்கிக்கொண்டு போய்விட மாட்டேனா என்று என் மனசு அடித்துக்கொண்டது. பொய் சொல்லத் தெரியாத மனுஷர் அவர்.

"ஆமா. பார்த்தேன்," என்றார். எண்ணினார். தொண்டையைச் செருமிக்கொண்டு எல்லாருக்கும் கேட்கும்படிச் சொன்னார். "கமிட்டி சேர்மனா சொல்றேன். கல்லு சரியா இருக்கு. பிள்ளை நாளைக்குக் காலையில வகுப்புக்கு வரலாம். சார், பரீட்சைக்கு அவ பேரைச் சேத்துக்குங்க."

ஹெட்மாஸ்டர் தலையாட்டினார். யாரும் குலவை போடவில்லை.

பிறகு சேர்மன் தலையிலிருந்த தொப்பியைக் கழற்றினார். பிஸ்விக்குக்கு முன்னால் வந்து நின்றார்.

"இப்ப லிஸினெட்டிக்கு அண்ணனா பேசறேன். சுவத்துல கை வச்சிட்டீங்களே மச்சான்."

"பின்னறைதான் மச்சான்."

"எது பின்னறை, எது முன்னறை? கூரை ஒண்ணு. நான் இன்னைக்குக் கண்ணை மூடிக்கிட்டா நாளைக்கு எந்தத் தங்கச்சி வீட்டை எந்த மாப்பிள்ளை பிரிப்பான்னு யாரு கண்டா?" தொப்பியைக் கசக்கினார். "ஏன்யா இப்படிப் பண்ணின? என்கிட்ட ஒரு வார்த்தை..."

"கேட்டேனே மச்சான்," என்றான் பிஸ்விக்.

அவ்வளவுதான். அதற்குமேல் சத்தமுமில்லை, சண்டையுமில்லை. ஒரு சண்டையாவது நடந்திருந்தால் எனக்கு நெஞ்சு கொஞ்சம் ஆறியிருக்கும்.

லிஸினெட்டி கூடப் போகக் கூடாதா என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். வயல் அவளுடையது, இங்கே இருக்கிறது. அதைக்கூட விட்டுவிடலாம். அவள் போனால் எனெலெசியும் போக வேண்டும், அங்கே பாதி வருஷத்தில் எந்தப் பள்ளிக்கூடம் பரீட்சைக்குச் சேர்க்கும்? அப்புறம் இந்தக் கல்லெல்லாம் எதற்கு? இதை அவள் என்னிடம் சொன்னபோது கண்ணில் ஒரு பொட்டுத் தண்ணீரில்லை. களி கிண்டிக்கொண்டிருந்தாள். வீட்டில் கடைசியாக மிச்சமிருந்த மாவு அத்தனையையும் போட்டுக் கிண்டினாள், காய்ந்த மீன் இருந்ததையும் ஆக்கினாள். மூன்று பேரும் ஒரே சட்டியிலிருந்து சாப்பிட்டார்கள். எனக்கும் ஒரு உருண்டை கொடுத்தார்கள்.

மறுநாள் காலையில் எனெலெசி சீருடை போட்டுக்கொண்டு நின்றாள். போக மாட்டேன் என்று மறுபடி ஆரம்பித்தாள். பிஸ்விக் அவள் காலர் மடிப்பைச் சரி செய்தான்.

"பரீட்சை முடிஞ்சதும் லீவுல வா. அங்க உனக்கு அத்தைங்க இருக்காங்க. ஒரு மாசம் இருந்துட்டுப் போ."

"மாமா விடுவாரா?"

"கேளு. நீ கேட்டா விடுவாரு. நல்ல மனுசன்தான்." பிறகு அவள் தலையில் கை வைத்தான். "அந்தச் சுவத்துல சேறு அப்பினீல்ல, அதைக் கழுவிரு. தேய்ச்சுக் கழுவாத, பூச்சு உரிஞ்சிரும். ஈரத் துணியால ஒத்தி எடு."

அவள் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள். லிஸினெட்டி வாசல்படியில் உட்கார்ந்திருந்தாள். அவர்கள் இருவரும் என்ன பேசிக்கொண்டார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் சைக்கிளுக்குக் காற்றடிக்கிற சாக்கில் தள்ளி நின்றுவிட்டேன்.

ஒரு மூட்டை, ஒரு மண்வெட்டி, கல் அறுக்கும் அச்சு. அவ்வளவுதான் அவன் சாமான். சைக்கிளில் வாடகைக்கு ஆள் ஏற்றுகிறவன் நான், அவனிடம் வாடகை பேசவா முடியும்? ஏறினான். பள்ளிக்கூடத்துப் பக்கம் போகாமல் சுற்று வழியில் போகவா என்று கேட்டேன். "அந்த வழியே போங்க அண்ணே" என்றான்.

பள்ளிக்கூட வேலி ஓரம் வந்ததும் நிறுத்தச் சொன்னான். இறங்கவில்லை, ஒரு காலை மட்டும் தரையில் ஊன்றிக்கொண்டான். ரிப்பன் வெட்டாமலே இப்போது வகுப்பு நடக்கிற, கதவில்லாத புதுக் கட்டடத்துக்குள்ளிருந்து ஹெட்மாஸ்டர் குரல் கேட்டது. வருகைப் பேர் வாசித்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு பேராகப் போனது. லூக்காவின் மருமகன் பேர் வந்தது, உள்ளேன் ஐயா என்றான். இன்னும் இரண்டு மூன்று பேர்.

"எனெலெசி."

கொஞ்சம் தாமதித்துத்தான் பதில் வந்தது. அழுத தொண்டை. ஆனாலும் சத்தமாகவே வந்தது.

"உள்ளேன் ஐயா."

பிஸ்விக் ஊன்றியிருந்த காலை எடுத்தான். "போலாம் அண்ணே" என்றான்.

பள்ளிக்கூடம் தாண்டியதும் ஏற்றம். ஆள் இறங்கி நடந்தால்தான் என் சைக்கிள் அந்த மேட்டில் ஏறும், சேர்மனானாலும் இறங்கித்தான் ஆகவேண்டும். அன்றைக்கு அவனை இறங்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எழுந்து நின்று மிதித்தேன்.